திரும்பி வரும் எடைக்குத் தைத்த பை

கடந்த இரண்டு ஆண்டுகளில் நான்கு முதுகுப்பைகளைத் தைத்திருக்கிறேன். அவற்றில் இரண்டு பிரிந்து போயின, ஒன்று மகளின் புத்தகப் பையாகிவிட்டது, நான்காவதைத்தான் இப்போது ஞாயிறுதோறும் மீன் வேட்டைக்குத் தூண்டிலோடு கடற்கரைக்கு எடுத்துச் செல்கிறேன். அதைப் பார்க்கும் நண்பர்கள் முதலில் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்கிறார்கள். நானே தைத்தது என்று சொன்னவுடன், எவ்வளவு மிச்சமாயிற்று என்று கேட்கிறார்கள். மிச்சம் ஒன்றுமில்லை. துணி, நாடா, பக்கிள், நூல், முறிந்த ஊசிகள் ஆகியவற்றோடு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளையும் கணக்கில் சேர்த்தால், கடையில் விற்கும் நல்ல பையின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே சிக்கனத்துக்காகத் தைக்க நினைப்பவர்கள் இந்தப் பதிவை இத்தோடு விட்டுவிடலாம்.

"வேட்டை" என்ற சொல்லைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. எங்கள் பக்கத்தில் கடலையே நம்பி வாழ்பவர்கள் அச்சொல்லைப் பயன்படுத்துவதில்லை. அவர்களுக்கு அது தொழில், கிடைப்பது மீன்பாடு. விடுமுறை நாளில் கம்பும் நரம்புமாகக் கரையில் நிற்கும் எங்களைப் போன்றவர்கள்தாம் அதை மீன் வேட்டை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். முயலும் கௌதாரியும் தேடிப் போன காலம் ஒன்று எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்துக் கரிசல் கிராமங்களில் இருந்தது. 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று அது குற்றம், அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவாக இருப்பதால், நான் சொல்வதெல்லாம் கரையிலிருந்து தூண்டில் போடுவதைப் பற்றி மட்டுமே.

கடைகளில் கிடைக்கும் முதுகுப்பைகள் பெரும்பாலும் சுற்றுலாவுக்கோ மலையேற்றத்துக்கோ வடிவமைக்கப்பட்டவை. மலையேறுபவரின் பை புறப்படும்போது கனமாக இருக்கும். உணவும் நீரும் தீரத் தீர இலகுவாகி, வீடு திரும்பும்போது வெறும் துணிமூட்டையாகிவிடும். வேட்டைக்காரரின் பை இதற்கு நேர்மாறானது. போகும்போது அது ஏறக்குறைய வெறும் பை. திரும்பும்போதுதான், உடல் களைத்திருக்கும் நேரத்தில், ஈரமும் கனமும் நாற்றமுமாக முதுகில் ஏறுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் எல்க் என்னும் பெரிய மான் வகையை வேட்டையாடுபவர்கள், பையையும் அதன் சட்டகத்தையும் தனித்தனியாகப் பிரித்து, இறைச்சி மூட்டையைப் பைக்குள் போடாமல் இரண்டுக்கும் நடுவே, முதுகெலும்பை ஒட்டி வைத்துக் கட்டிக்கொள்வதன் காரணம் இதுதான். நைலான் துணி புதரில் உரசிச் சரசரத்தால் விலங்கு ஓடிவிடும் என்பதால், அவர்களுள் பலர் வெளிப்புறத்துக்குக் கம்பளி போன்ற ஓசையெழுப்பாத துணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் கரையில் பையின் ஓசை எந்த மீனையும் விரட்டப்போவதில்லை. ஓசைக்குப் பதிலாக நமக்கு உப்பு இருக்கிறது, அது ஓசையைவிடப் பொல்லாதது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, வாலிநோக்கத்துப் பாறைகளின் மேல் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இணையத்தில் வாங்கிய பை ஒன்று, நாற்பது லிட்டர் கொள்ளளவு, பத்துப் பன்னிரண்டு உறைகள், பார்க்கப் படைவீரனுடையதைப் போல மிடுக்கானது. இரண்டே மாதத்தில் அதன் ஜிப்பின் பற்களில் உப்பும் மணலும் இறுகி, எண்ணெய் போட்டாலும் நகரவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு நாள் காலையில் பாறை மீன்கள் இரண்டும் ஒரு பெரிய கொடுவாயுமாக ஏழு கிலோவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு வழுக்குப் பாறையில் கால் வைத்த நொடியில், இடது தோள் வார் அடியோடு கழன்றது. நல்லவேளையாக மீன்தான் விழுந்தது, நான் விழவில்லை.

அந்தப் பையை இராமநாதபுரத்தில் பேருந்து நிலையத்துக்கு அருகில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் பள்ளிப் பிள்ளைகளின் பைகள் அவர் முன்னால் மலையாகக் குவிந்திருக்கும். அவர் பையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "துணி எங்கயும் கிழியல தம்பி, தையல்தான் விட்டிருக்கு. பை எப்பவும் வார்லதான் சாகும்" என்றார். உண்மைதான், வாரின் நுனியைப் பையின் மேல் விளிம்புத் தையலுக்குள் செருகி, ஒற்றை வரிசை ஓட்டியிருந்தார்கள், ஏழு கிலோவும் அந்த நான்கு விரல் அகலத் தையலில் தொங்கியிருக்கிறது. காணொளிகளில் பை தைக்கக் கற்பவர்களுக்கு என் கருத்து இது: ஒரு மணி நேரம் இப்படிப்பட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவரிடம் வரும் பைகள் எந்த எந்த இடத்தில் விட்டிருக்கின்றன என்று பார்த்தால் போதும், எங்கே வலுவூட்ட வேண்டும் என்பதற்கு வேறு பாடம் வேண்டியதில்லை.

பெரியவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது அப்பாவின் பாய். வத்தை என்னும் பாய்மரப் படகுக்குப் பாய் தைப்பதில் எங்கள் ஊரில் அவருக்கு நல்ல பெயர் உண்டு. காற்றின் இழுப்பு முழுவதும் பாயின் மூலைகளில்தான் வந்து சேரும் என்பதால், மூலையில் துணிமேல் துணியாக மூன்று நான்கு அடுக்கு வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் முந்தையதைவிடச் சற்றுப் பெரியதாக வெட்டி, இழுப்பு ஒரே இடத்தில் வெட்டாமல் படிப்படியாகப் பரவும்படி தைப்பார். என் நான்காவது பையின் வார்கள் அந்த முறையில்தான் பொருத்தப்பட்டிருக்கின்றன. முதுகுப் பக்கத் துணியில் உள்ளங்கை அகல ஒட்டு ஒன்று, அதன்மேல் சிறிய ஒட்டு ஒன்று, அதன்மேல் வார். வாரின் நுனியில் ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தையல். பெருக்கல் குறி அலங்காரத்துக்கு என்று நீண்ட காலம் நினைத்திருந்தேன். வார் எந்தத் திசையில் இழுபட்டாலும் ஏதாவது ஒரு கோடு அந்த இழுப்பைத் தாங்கிக்கொள்ளும் என்பது தைத்த பிறகுதான் புரிந்தது.

நூலில் நான் செய்த தவறு கொஞ்சம் வெட்கத்துக்குரியது. முதல் பையைத் தையற்கடையில் கிடைத்த சாதாரணப் பருத்தி நூலால் தைத்தேன். துணி புதிதாகவே இருக்க, ஆறே மாதத்தில் நூல் மட்டும் இற்று, கையால் இழுத்தால் பிரிந்தது. பருத்தி வலை பயன்பட்ட காலத்தில் அதைப் பனிச்சைக் காய்ச் சாற்றில் ஊறவைத்து உலர்த்தாமல் கடலில் இறக்கமாட்டார்கள் என்பதை அறிந்திருந்தும் இதைச் செய்தேன். பிறகு நைலான் நூலுக்கு மாறினேன். அது வலுவானதுதான், ஆனால் நனைந்தால் சற்று நீளும், நம் ஊர் வெயிலில் நாளடைவில் நொய்ந்துபோகும். இருக்கை உறை தைப்பவர்கள் பயன்படுத்தும் தடித்த பாலியெஸ்டர் நூல் நனைந்தாலும் நீளாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்குகிறது. இப்போது அதைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை.

துணியைப் பொறுத்தவரை, கித்தானின் மேல் எனக்கு உணர்ச்சிவசப்பட்ட பிரியம் உண்டு. ஆயினும் கடற்கரைக்கு அது ஆகாது. உப்புநீரில் நனைந்த கித்தான் காய்ந்ததுபோலத் தோன்றினாலும், இழைகளுக்குள் தங்கிய உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால், வாடைக் காலத்தில் வாரக் கணக்கில் நமுத்துக் கிடந்து பூசணம் பிடிக்கும். பூச்சுக் கொடுத்த பாலியெஸ்டரோ நைலானோதான் பொருந்தும். துணிக்கடையில் டெனியர் என்று ஓர் எண்ணைச் சொல்வார்கள். 9,000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராம் என்பதே அந்த எண். பையின் உடலுக்கு 500 டெனியர் தாராளம், பாறையில் உரசும் அடிப்பகுதிக்கு மட்டும் 1,000 டெனியர் வைத்தால் போதும். எல்லா இடத்துக்கும் தடித்த துணியையே வாங்கி, தன் எடையாலேயே தோளை அழுத்தும் பையைத் தைத்துக்கொள்வது புதிதாகத் தொடங்குபவர்களின் ஆசை. எனக்கும் அது இருந்தது. வாருக்கு நான் பயன்படுத்துவது பழைய கார்களின் சீட் பெல்ட் பட்டை. மதுரையில் பழைய இரும்புக் கடைகளில் எடைக்குக் கிடைக்கிறது, ஏறக்குறைய இரண்டு அங்குல அகலம், அதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டியதில்லை.

தைப்பதற்குத் தனி இயந்திரம் எதுவும் தேவையில்லை. வீட்டில் அம்மா வைத்திருந்த கால்மிதி இயந்திரமே நான்கு அடுக்குத் துணி வரை போகிறது. 18 ஆம் எண் ஊசியைப் போட்டு, தடித்த இடம் வந்ததும் மிதியை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும், அவ்வளவே. வலுவாக இருக்கட்டும் என்று நெருக்கி நெருக்கித் தைப்பது எதிர்விளைவையே தரும். அஞ்சல்தலைத் தாளைப் போல அந்த வரிசையிலேயே துணி கிழிந்துவரும். மூன்று, மூன்றரை மில்லிமீட்டர் இடைவெளி சரியாக இருக்கிறது. பூச்சுத் துணியில் ஒருமுறை ஊசி இறங்கினால் அந்தத் துளை மூடாது; ஆகவே குண்டூசியால் பிடித்து வைக்காமல், கொடியில் துணி உலர்த்தும் கிளிப்புகளால் பிடித்துக்கொள்கிறேன். என் வீட்டம்மாவின் கொடி அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கிளிப் இல்லாமல் இருந்ததைப் பற்றி அவரே தனியாக ஒரு பதிவு எழுதக்கூடும்.

அளவு எடுப்பதுதான் வாங்கும் பைக்கும் தைக்கும் பைக்கும் இடையிலுள்ள மெய்யான வேறுபாடு. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேராக முதுகில் வரும் இடம் வரை நாடாவை வைத்து அளக்க வேண்டும். எனக்கு அது 44 சென்டிமீட்டர். நான் வாங்கிய பையில் தோள் வாருக்கும் இடுப்பு வாருக்கும் இடையே 51 சென்டிமீட்டர் இருந்தது; அதனால் இடுப்பு வார் எலும்பில் உட்காராமல் கீழே வழிந்து, எடை முழுவதையும் தோளே சுமந்திருக்கிறது. ஆள் உயரத்தை மட்டும் வைத்து இந்த அளவைச் சொல்லிவிட முடியாது; என்னைவிட உயரமான மைத்துனருக்கு முதுகு என்னுடையதைவிடக் குட்டை.

நான்காவது பைக்கு ஜிப் இல்லை. வாயை மூன்று முறை சுருட்டி இருபுறமும் பக்கிளால் பூட்டிவிடுகிறேன், மணலுக்கு அங்கே வேலையில்லை. அடியில் தண்ணீர் வடிவதற்குப் பித்தளைக் கண்கள் இரண்டு வைத்திருக்கிறேன். இரும்புக் கண் துருப்பிடித்துத் துணியையும் தின்றுவிடும். வடகடல் என்று நாங்கள் சொல்லும் பாக் விரிகுடாப் பக்கம், தேவிபட்டினம், மோர்ப்பண்ணைப் பகுதிகளில் இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடந்துபோய் நிற்க வேண்டியிருப்பதால், பைக்குள் தண்ணீர் புகுவதைத் தடுக்கப் பாடுபடுவதைவிட, புகுந்த தண்ணீர் உடனே வெளியேற வழிவிடுவதே மேல். மீனுக்கு உள்ளே தனியாகக் கழற்றக்கூடிய தார்ப்பாய்ப் பை ஒன்று, முதுகை ஒட்டிய பக்கத்தில் தொங்குகிறது. கெளுத்தியின் முள்ளை மட்டும் கரையிலேயே முறித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தார்ப்பாய் என்ன, நம் முதுகே தப்பாது. போகும்போது உறைய வைத்த இரண்டு தண்ணீர் பாட்டில்கள் அதற்குள் இருக்கும். திரும்பும்போது அவை மீனைக் குளிர வைப்பதோடு, உருகிய அளவுக்குக் குடிநீருமாகின்றன. வீடு வந்ததும் அந்த உள்பையையும் வெளிப்பையையும் நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் போடாமல் நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுகிறேன்.

இந்தப் பையிலும் குறை இருக்கிறது. தூண்டில் கம்பைச் செருகும் உறையை இடப்பக்கம் வைத்துவிட்டேன். நான் இடக்கையன் என்பதால் கம்பை உருவும்போது ஒவ்வொரு முறையும் முழங்கை இடிக்கிறது. ஐந்தாவதுக்கான துணியை வெட்டி வைத்திருக்கிறேன், உறை வலப்பக்கம் வரும். பை தைத்துத் தரச் சொல்லிக் கேட்கும் நண்பர்களுக்கு: விற்பனைக்குத் தைப்பதாக இல்லை, ஆனால் காகிதத்தில் வெட்டிய அச்சு என்னிடம் இருக்கிறது. உங்கள் முதுகை யாரையாவது விட்டு அளந்துகொண்டு, நாடாவும் நூலும் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வாருங்கள். கிளிப்புகளையும் உங்கள் வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுங்கள்.