தரங்கம்பாடி 1706-இல் பிறந்த ஊரல்ல

மூன்று நாளாக ஆளாளுக்குத் தரங்கம்பாடி பற்றிய அந்தச் சுற்றுலா வீடியோவைப் பகிர்கிறீர்கள். பேசாமல்தான் இருந்தேன். "டேனிஷ்காரர் வரும்வரை வெறும் மணல்மேடு. 1706-க்குப் பிறகுதான் சமயமும் எழுத்தும் வந்தன" என்ற வரிக்கு விஷயம் தெரிந்த நண்பர்களே இதயம் போட்டிருப்பதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

மணல்மேடா? அந்தக் கடற்கரையில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் 1306-இல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்ற குலசேகரன்பட்டினம். கப்பல் வந்து சரக்கு இறங்காத ஊரைப் பட்டினம் என்று யாரும் அழைப்பதில்லை. தஞ்சை ரகுநாத நாயக்கருடன் டேனிஷ்காரர் ஒப்பந்தம் போட்டது 1620-இல். கோயிலுக்கும் அதற்கும் நடுவே 314 வருடம். கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றது. மிச்சத்தை நாம் வாயால் அழிக்க வேண்டுமா?

கிறிஸ்தவமாவது 1706-இல் தொடங்கியதா என்றால் அதுவும் இல்லை. சீகன்பால்கு, புளூட்சா என்ற ஜெர்மானிய மிஷனரிகள் இருவரும் அந்த வருடம் ஜூலை 9 அன்று வந்து சேர்ந்தபோது ஊரில் கத்தோலிக்கர்கள் இருந்தார்கள். டேனிஷ்காரர் தங்களுக்கென்று கட்டிய சீயோன் ஆலயம் 1701-லேயே திறந்தாயிற்று. 1706-இல் தொடங்கியது தமிழருக்கான புராட்டஸ்டன்ட் மிஷன். அது பெரிய விஷயம். அதை அப்படியே சொல்லுங்கள், நானும் கூடச் சேர்ந்து சொல்கிறேன்.

"சீகன்பால்குவைச் சிறுமைப்படுத்துகிறாய்" என்று வரப்போகிறவர்களுக்கு: இல்லை, ஐயா. அவர் பட்ட பாட்டை மறைப்பதே அந்த வீடியோதான். அவரைப் பிடித்து நாலு மாதம் சிறையில் வைத்தவர் யார்? 1708-இல், டேனிஷ் வணிகக் கம்பெனியின் கோட்டைத் தளபதி. இதையெல்லாம் விட்டுவிட்டு "டேனிஷ்காரர் சமயத்தைக் கொண்டுவந்தனர்" என்று ஒரே வரியில் எப்படி முடிக்க முடிகிறது?

"தமிழின் முதல் அச்சு இங்கேதான்" என்பதும் தவறு. தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கம் என்ற கிறிஸ்தவச் சிறுநூல் கொல்லத்தில் அச்சானது 1578-இல். தரங்கம்பாடிக்கு 'முதல்' பட்டம் தேவையே இல்லை. நடந்ததைச் சொன்னாலே போதும். ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்தன. ஆனால் அளவில் மிகப் பெரியவை. எழுத்து பெரிதானால் பக்கம் கூடும், பக்கம் கூடினால் காகிதம் கூடும். காகிதமோ கப்பலில் வர வேண்டும். அதனால் பக்கத்துப் பொறையாறில் ஆட்லர் என்பவர் சின்ன எழுத்துகளை வார்த்தார். தமிழுக்கு வார்ப்பது லேசான வேலையில்லை. கு, சு, மு, ணு என்று உகரம் ஏறும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம் எடுக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வெட்ட வேண்டும். ஈயம் போதவில்லை. லண்டனிலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்கள். அப்படித்தான் 1714-இல் சுவிசேஷங்களும் 1715-இல் புதிய ஏற்பாடு முழுதும் அச்சேறின. பிறகு பொறையாறிலேயே காகித ஆலையும் வைத்தார்கள். இவ்வளவு இருக்க, வீடியோவில் இதற்கு ஒரு நொடிகூட இல்லை.

"சுற்றுலாவுக்குப் போட்டதில் இவ்வளவு நுணுக்கம் எதற்கு?" என்கிறார் ஒருவர். பொய் சொன்னால்தான் ஆள் வருமா?

இன்னொரு பக்கம், என் கருத்தைப் பிடித்துக்கொண்டு "அப்படிச் சொல்லுங்க, கோயில்தான் நம்முடையது, மற்றதெல்லாம் அந்நியம்" என்று எழுதுகிறவர்கள். இதுதான் அதிகம் வலிக்கிறது. 1733-இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன் கடலூர்க்காரர். லுத்தரன் சபையின் முதல் தமிழ்ப் போதகர். அவர் அந்நியரா? 1707 மே மாதத்தில் இந்த மிஷனில் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனிஷ் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களைக் கணக்கில் வைக்காமல் யாருடைய வரலாற்றை எழுதுகிறோம்?

சீகன்பால்குவுக்குத் தமிழ் வந்த விதம்தான் இந்த ஊரின் கதை. ஒரு வயதான திண்ணைப்பள்ளி வாத்தியாரைத் தன் பள்ளியோடு தம் வீட்டுக்கே வரச் செய்தார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். அழகப்பன் என்ற துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) உடனிருந்தார். எழுத்து ஐரோப்பாவிலிருந்து இறங்கியது என்கிறீர்களே, எழுத்தைக் கற்றுக்கொடுத்தவர் அந்த வாத்தியார்! இரண்டே வருடத்தில், 1708 அக்டோபரில், சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கவே உட்கார்ந்துவிட்டார். இங்குள்ள தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதி அனுப்பியதை ஹாலேயில் அச்சிட மறுத்தார்கள். அது 1867-இல்தான், சென்னையில், வெளிவந்தது. வந்தவர் இங்கே இருந்ததைப் பார்த்து எழுதி வைத்தார். நாம் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே இங்கே ஒன்றும் இல்லை என்கிறோம்.

வீடியோ போட்டவருக்கு நேற்றே எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லி மட்டும்தான் கேட்டேன். இன்னும் பதில் இல்லை. பகிர்ந்தவர்களாவது 1306 என்ற எண்ணைச் சேர்த்துப் போடுங்கள்.