கொழும்பா நம்ம துறைமுகமா: குறியீட்டெண் சொல்லாத கணக்கு

ஐ.நா.வின் வர்த்தக அமைப்பான அங்டாட் வெளியிடும் லைனர் கப்பல் (குறித்த அட்டவணைப்படி ஓடும் கன்டெய்னர் கப்பல்) இணைப்புக் குறியீட்டைப் பார்த்துவிட்டு "இத்தனை பெரிய இந்தியா, இத்துனூண்டு இலங்கையோடு மல்லுக்கட்டுகிறதே" என்று கேட்பவர்கள் நிறைய. 2010-களின் பிற்பாதியில் இலங்கை நமக்கு மேலேயே இருந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த எண் எதை அளக்கிறது என்று தெரியாமல் பேசுவதுதான் சிக்கல்.

அது பார்ப்பது ஆறு விஷயங்கள். வாரத்துக்கு எத்தனை கப்பல் வருகிறது, ஆண்டுக்கு மொத்தம் எத்தனை கன்டெய்னருக்கு இடம், எத்தனை சர்வீஸ், எத்தனை கப்பல் கம்பெனி, பெரிய கப்பல்கள் ஓடும் சர்வீஸின் சராசரிக் கப்பல் அளவு, இடையில் மாற்றாமல் நேரே எத்தனை நாட்டுக்குப் போகலாம். இறங்கும் சரக்கு யாருடையது என்ற கேள்வியே இதில் கிடையாது.

கொழும்பில் கையாளும் கன்டெய்னர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் டிரான்ஷிப்மென்ட், அதாவது ஒரு கப்பலில் வந்து இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிப்போவது. அதில் பெரும்பகுதி இந்தியச் சரக்கு. 2013-இல் 18 மீட்டர் ஆழத்தோடு சிஐசிடி என்ற கன்டெய்னர் முனையம் கொழும்பில் திறந்ததும், 400 மீட்டர் நீளக் கப்பல்கள் அங்கே கரையோரம் நிற்க முடிந்தது. அதன் பிறகு இலங்கை எண் நம்மைவிட மேலே நின்றது. சரக்கு நம்முடையது, மதிப்பெண் அவர்களுடையது. அவர்கள் சரியான நேரத்தில் ஆழத்தில் முதலீடு செய்தார்கள், அதற்கான பலன் இது. குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தியாவின் எண்ணில் வேறொரு கோளாறு. குஜராத்தின் முந்த்ராவுக்கும் மும்பை அருகிலுள்ள நவசேவாவுக்கும் வரும் ஐரோப்பிய, அமெரிக்க சர்வீஸ்கள் எல்லாம் நாட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். தூத்துக்குடியிலிருந்து துணி அனுப்புகிறவருக்கு அதனால் என்ன லாபம்? அவர் பெட்டி பெரும்பாலும் ஃபீடர் என்ற சிறு கப்பலில் கொழும்பு போய்த்தான் மதர் வெசல் என்ற பெரிய கப்பலில் ஏறுகிறது. நாட்டு எண்ணை விட்டுவிட்டு, அதே அங்டாட் துறைமுக வாரியாகத் தரும் குறியீட்டைப் பாருங்கள். நிலைமை அங்கேதான் தெரியும்.

தூத்துக்குடியிலிருந்து கொழும்பு கடல்வழியில் பக்கம்தான். நாள் விரயமாவது கொழும்பு யார்டில், பெட்டிகளை அடுக்கிவைக்கும் இடத்தில். ஃபீடர் ஒரு முனையத்தில் இறக்கும், மதர் வெசல் இன்னொரு முனையத்தில் கட்டியிருக்கும். நடுவில் டிரெய்லரில் மாற்ற வேண்டும். ஃபீடர் பெர்த்துக்காக (கரையோரம் நிற்கும் இடத்துக்காக) வெளியே ஒரு நாள் நங்கூரமிட்டால் போதும், இணைப்பு தவறும். லைனர் சர்வீஸ்கள் பெரும்பாலும் வாரம் ஒருமுறை, ஆகவே தவறினால் குறைந்தது ஏழு நாள். அடுத்த கப்பலிலும் இடமில்லை என்றால் மறுபடி ரோல் ஓவர், அதாவது பெட்டி அதற்கும் அடுத்த கப்பலுக்குத் தள்ளிப்போகும். 2024-இல் செங்கடலை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கப்பல்கள் போனபோது, கொழும்பில் நெரிசல் கூடி இதுவே நடந்தது. பி.எல். என்ற கப்பல் சரக்கு ரசீதில் ஆன் போர்டு (கப்பலில் ஏற்றிய) தேதி பொதுவாக ஃபீடர் ஏற்றிய தேதிதான், அதனால் எல்.சி. என்ற வங்கிக் கடன் உறுதிக் கடிதத்தின் கெடுவுக்குப் பழுது வராது. ஆனால் வாங்குபவரின் கிடங்குக்குப் பெட்டி தாமதமாகவே போகும், அடுத்த ஆர்டருக்கு அவர் பார்ப்பது அந்தத் தேதியைத்தான்.

கேரளத்தின் புதிய விழிஞ்ஞம் துறைமுகம் இதை மாற்றுமா? ஓரளவு. கடல் தானாகவே 18 முதல் 20 மீட்டர் ஆழம், சர்வதேசக் கப்பல் தடம் சுமார் பத்து கடல் மைல். 2025 ஜூனில் 24,346 டி.இ.யூ. (இருபது அடி கன்டெய்னர் கணக்கு) கொள்ளும் எம்.எஸ்.சி. இரினா என்ற கப்பல் அங்கே வந்து நின்றது. ஏற்றுமதி இறக்குமதிப் பெட்டிகளை நம் துறைமுகங்களுக்கிடையே வெளிநாட்டுக் கொடிக் கப்பல்கள் ஏற்றிச்செல்ல 2018-லேயே அனுமதி கொடுத்தாயிற்று. ஆனால் ஆழமும் அனுமதியும் மட்டும் இருந்தால் ஹப் (பெட்டிகள் கப்பல் மாறும் மையம்) ஆகிவிடாது. கொழும்பின் பலம், பல கம்பெனிகளின் கப்பல்கள் ஒரே இடத்தில் கூடுவது. விழிஞ்ஞம் போல பெரும்பாலும் ஒரே கம்பெனியை நம்பும் துறைமுகத்தில் மற்ற கம்பெனிகளின் பெட்டிக்கு மாற்றுவழி கிடைக்காது. 2025 மே மாதம் முறைப்படி திறந்தபோது விழிஞ்ஞத்துக்கு ரயில் இணைப்பும் இல்லை. திருப்பூர், கோவைச் சரக்கு நேரே அங்கே போக அது வேண்டும்.

அதுவரை புக்கிங் போடும்போது ஃபார்வர்டரிடம் (சரக்கு அனுப்பும் ஏஜென்டிடம்) ஃப்ரெய்ட், அதாவது கப்பல் கட்டணம், மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். எந்த ஊரில் மாற்றுகிறார்கள், ஃபீடர் எந்த முனையம், மதர் எந்த முனையம், இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள் என்று எழுத்தில் வாங்குங்கள். முனையம் வேறாகி, இடைவெளி இரண்டு நாளுக்குக் குறைவாக இருந்தால், விலை மலிவாக இருந்தாலும் அந்த சர்வீஸ் வேண்டாம்.