ஏழை என்பதாலேயே மெடிகெய்ட் கிடைத்துவிடாது

“ஒபாமா கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு அமெரிக்காவில் ஏழைகள் எல்லாருக்கும் மெடிகெய்ட் உண்டு, காப்பீடு இல்லாதவர்கள் வேலைக்குப் போக மனமில்லாதவர்கள்தான்” என்று மேலே நண்பர் எழுதியிருப்பது சரியன்று. மெடிகெய்ட் என்பது ஏழைகளுக்காக மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து நடத்தும் மருத்துவக் காப்பீடு.

வறுமைக் கோட்டில் 138 விழுக்காடு வரை வருமானம் உள்ள வயதுவந்தோர் அனைவரையும் மெடிகெய்டில் சேர்க்க வேண்டும் என்றே 2010ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஆனால், இதற்கு மாநிலங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. இவ்வாறு புதிதாகச் சேர்பவர்களுக்கான செலவில் 90 விழுக்காட்டை மத்திய அரசே ஏற்றும்கூட, டெக்சாஸ், ஃபுளோரிடா உள்ளிட்ட பத்து மாநிலங்கள் இன்னும் மெடிகெய்டை இப்படி முழுமையாக விரிவாக்க இணங்கவில்லை.

டெக்சாஸில் உணவகமொன்றில் பாத்திரம் கழுவி ஆண்டுக்கு 12,000 டாலர் ஈட்டும், பிள்ளைகளோ உடற்குறையோ இல்லாத நாற்பது வயதுக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எவ்வளவு ஏழையானாலும் அங்கே மெடிகெய்ட் கிடையாது. தனியார் காப்பீட்டுக்கு அரசு தரும் மானியமோ வறுமைக் கோட்டுக்கு மேல்தான் தொடங்குகிறது (2024இல் தனிநபருக்கு அந்தக் கோடு 15,060 டாலர்). அதற்குக் கீழே இருப்பவர்கள் மெடிகெய்டில் சேர்ந்துவிடுவார்கள் என்று நம்பியே சட்டம் வரையப்பட்டது. ஆகவே 16,000 டாலர் ஈட்டுபவருக்குக் கிடைக்கும் உதவி, அவரைவிட ஏழையான இவருக்குக் கிடைப்பதில்லை. இது எனக்குப் பெரும் அநீதியாகவே படுகிறது. இவர் அன்றாடம் உழைப்பவர். வேலைக்குப் போக மனமில்லாதவர் என்று இவரைச் சொல்வது தவறு. தயவுசெய்து அந்த வரியை நீக்கிவிடுங்கள்.