கோடுகளை எண்ணினால் மட்டும் போதுமா?

கிரிக்கெட் மட்டையின் முகப்பில் இழைக்கோடுகள் எவ்வளவு நெருக்கமாக உள்ளனவோ அவ்வளவு வேகமாகப் பந்து பாயும் என்று மட்டைகளைப் பற்றிய கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. ஒவ்வொரு கோடும், மட்டை செய்யப் பயன்படும் வில்லோ மரத்தின் ஓராண்டு வளர்ச்சியைக் குறிப்பது. கோடுகள் மிகுந்திருந்தால் மரம் மெதுவாக வளர்ந்தது என்பதே பொருள். அத்தகைய மட்டை விரைவில் ஆட்டத்துக்குப் பழகிவிடும் என்பது உண்மைதான், ஆனால் அதன் ஆயுளும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

மட்டை செய்யும்போது மரத்தை இயந்திரத்தில் எவ்வளவு அழுத்தியிருக்கிறார்கள் என்பதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். அழுத்தம் குறைந்தால் பந்து பட்ட இடமெல்லாம் பள்ளம் விழும்; மிகுந்தால் மரம் இறுகிப்போய்ப் பந்தைத் துள்ள விடாது. இதைக் கண்ணால் அறிய முடியாது என்பதால், மரச்சுத்தியலாலோ பழைய பந்தாலோ முகப்பின் பல இடங்களில் மெல்லத் தட்டி, எங்கே அது தானாகத் துள்ளி எழுகிறது, அந்தப் பரப்பு விளிம்பை நோக்கி எவ்வளவு தூரம் விரிகிறது என்பதைக் கையாலேயே உணர வேண்டும். (ஓசையை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம், கைப்பிடியும் அதில் பங்கு கொள்கிறது.)

விளிம்பின் தடிப்பைக் கட்டுரை பெரிதும் புகழ்கிறது. 2017 முதல் விதிகள் அதை 40 மில்லிமீட்டருக்குள் கட்டுப்படுத்தியுள்ளன. தடித்த விளிம்பும் குறைந்த எடையும் ஒருங்கே அமைந்த மட்டையைக் கண்டால், மரத்தின் ஈரப்பதத்தை அளவுக்கு மீறி வற்றவைத்திருப்பார்களோ என்றே நான் முதலில் ஐயப்படுவேன்.