அண்ணன் முகம்

"ஆண்டவர் மன்னித்துவிட்டார், அது போதும், இனி எதற்கு நாம் ஏமாற்றிய அந்த ஆளிடம் போய் நிற்க வேண்டும்" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் என்னால் பேசாமல் இருக்க முடிவதில்லை. 9 வருடம் நானும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பா இறந்த பிறகு மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரில் இருந்த வீட்டை விற்றோம். கணக்குப் பார்த்தது நான். செலவைக் கூட்டிக் காட்டி, அண்ணனுக்குச் சேர வேண்டியதில் 18 ஆயிரம் வெள்ளியை (ரிங்கிட்) வைத்துக்கொண்டேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. சண்டை போடவில்லை, பேச்சை நிறுத்திவிட்டார். நான் இந்தக் கரையில் பட்டர்வொர்த், அவர் பினாங்குத் தீவில் ஆயர் ஈத்தாம், நடுவில் பெர்ரி கடக்கிற கடல், அவ்வளவுதான். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குத் தவறாமல் போவேன், மெழுகுவர்த்தி ஏற்றுவேன், குருவானவரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் "அண்ணனோடு மனஸ்தாபம்" என்று மட்டும் சொல்லுவேன். பணத்தைப் பற்றி வாய் வராது. பூசையில் நற்கருணை அப்பம் வாங்கித் திரும்பும்போது, ஆண்டவர் என்னை ஏற்றுக்கொண்டாரா என்ற சந்தேகமும் கூடவே வீட்டுக்கு வரும்.

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், பைபிளின் முதல் நூலான தொடக்கநூல் 32, 33ஆம் அதிகாரங்களைத் திரும்பப் படித்தேன். யாக்கோபு அண்ணன் ஏசாவை ஏமாற்றி, அவருக்குச் சேர வேண்டிய அப்பாவின் ஆசியைத் தட்டிக்கொண்டு ஓடிப்போனவன். 20 வருடம் கழித்து ஊர் திரும்பும்போது, ஏசா 400 ஆட்களோடு எதிரே வருகிறார் என்று கேட்டுப் பயந்து, ஆடு, மாடு, ஒட்டகம், கழுதை என்று 500க்கு மேல் மந்தை மந்தையாக முன்னே அனுப்பிவிட்டுத் தான் பின்னால் நிற்கிறான். (நானும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் யார் கையிலாவது அண்ணிக்குப் பலகாரம் அனுப்பிக்கொண்டிருந்தவன்தான்.) அன்று இரவு யாபோக்கு ஆற்றங்கரையில் விடியும்வரை ஒருவரோடு மல்லுக்கட்டுகிறான், தொடைச் சந்து விலகுகிறது, ஆசி கிடைக்கிறது, கடவுளை நேருக்கு நேர் பார்த்தேன் என்று அந்த இடத்துக்கே பெனியேல், அதாவது கடவுளின் முகம், என்று பேர் வைக்கிறான். சரி, அதோடு அவனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. நொண்டிக்கொண்டே போய் அண்ணன் முன்னால் 7 முறை தரையில் விழுகிறான். ஏசா ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுகிறார். அப்போதுதான் யாக்கோபு சொல்கிறான், உங்கள் முகத்தைப் பார்ப்பது கடவுளின் முகத்தைப் பார்ப்பது போல இருக்கிறது, என்னை ஏற்றுக்கொண்டீர்களே என்று. முந்தின இரவு கடவுளையே பார்த்தவன் சொல்கிற வார்த்தை இது! அடுத்த வரியில் என் அன்பளிப்பை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறானே, அந்த இடத்தில் எபிரேயத்தில் இருப்பது பெராக்கா, அதாவது ஆசி. எதைத் தட்டிப் பறித்தானோ அதே சொல்லை வைத்துத் திருப்பிக் கொடுக்கிறான்.

நான் கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்து 9 வருடம் கேட்ட கேள்விக்குப் பதில் ஆயர் ஈத்தாமில் இருந்திருக்கிறது. பணத்தை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். அண்ணன் கதவைத் திறக்காமலும் போயிருக்கலாம். அந்த 400 பேர் எதற்கு வருகிறார்கள் என்று யாக்கோபுக்கும் தெரியாது, தெரியாமல்தான் போனான்.

என் அண்ணன் ஓடி வரவில்லை. பணத்தை மேசையில் வைக்கச் சொல்லிவிட்டு, பழைய கணக்கை வரிக்கு வரி கேட்டார். எது நிஜம், எது பொய் என்று எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் அண்ணியைப் பார்த்து, "இவனுக்கும் கோப்பி கலக்கு" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் குடிக்க முடியவில்லை.

ஏசாவும் யாக்கோபும் அதற்குப் பிறகு ஒரே இடத்தில் வாழவில்லை. ஆனால் அவர்கள் அப்பா ஈசாக்கு இறந்தபோது இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து அடக்கம் செய்தார்கள் என்று 35ஆம் அதிகாரக் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு அண்ணன் பெர்ரி ஏறி வந்தார். அப்பா கல்லறையில் அவர் புல் பிடுங்க, நான் சுண்ணாம்பு அடித்தேன்.