அழுக்கு என்னுடையது, ஓதம் யாருடையது?

வாடகை வீட்டைக் காலி செய்யும்போது சுத்தமாகத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நான் சமைத்ததால் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு, நான் குளித்ததால் படிந்த சோப்புக் கறை, என் தலைமுடி அடைத்துக்கொண்ட நீர்ப்போக்கி எல்லாம் என் பொறுப்பு. முதுகு விட்டுப்போகும் அளவுக்குத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன். ஆனால் பல வருடம் பழகிய கட்டடத்தை நேற்றுக் கட்டியதைப் போல ஆக்கிக் கொடு என்று கேட்பது என்ன நியாயம்? அப்படி ஆக்கவில்லை என்று சொல்லி முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வது என்ன நேர்மை?

குடிவந்த அன்று இதே உரிமையாளர் விளக்கைப் போட்டுக் காட்டினார், குழாயைத் திறந்து காட்டினார், சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறக்கவே இல்லை. அதற்குள் பலகை ஊறி உப்பியிருந்ததை நான்தான் பிறகு கண்டேன். போகிற அன்றோ, கதவின் மேல்விளிம்பை விரலால் தடவிப் பார்க்கிறார். ஜன்னல் சட்டத்தின் பள்ளத்துக்குள் கைப்பேசி வெளிச்சத்தைப் பாய்ச்சிப் பார்க்கிறார். பார்க்கட்டும், அது அவர் உரிமை. அதே வெளிச்சத்தை நான் வந்த அன்றைக்கும் அடித்திருந்தால், எது முன்பே இருந்தது, எது என்னால் வந்தது என்ற சண்டையே இருந்திருக்காது.

சமையலறையிலிருந்து தொடங்குகிறேன். அடுப்புக்கு மேலே படியும் எண்ணெய் சாதாரண அழுக்கு அன்று. சூடு பட்டுப் பட்டு அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து அரக்குபோல் இறுகிவிடும். பாத்திரம் கழுவும் சோப்பு அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். காரத்தன்மையுள்ள பொருளைப் பூசி, அது ஊறி இளகும்வரை காத்திருந்து, மழுங்கிய கத்தியால் சுரண்ட வேண்டும். அவசரப்பட்டுக் கடுங்காரத்தை அலுமினிய வடிகட்டியில் போட்டால் உலோகமே கறுத்துப்போகும். பிறகு அதற்கும் கணக்கு எழுதுவார்கள். புகைபோக்கியின் வலையைக் கழற்றி, இரவு முழுக்க ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் கண்ணி கண்ணியாகத் தேய்த்தேன். அதைக் கழற்ற முடியும் என்பதே எனக்கு முன்பு இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது போலும்; உள்ளே இருந்த அடுக்குகள் என் சமையலுக்கு வெகுகாலம் முந்தியவை. அவற்றையும் சேர்த்துத்தான் எடுத்தேன். அதற்கு யாரும் எனக்குக் கூலி தரவில்லை, நான் கேட்கவும் இல்லை.

குளியலறைக்கு வருவோம். கடின நீர் வருகிற வீட்டில், நீர் வற்றும் இடத்திலெல்லாம் கால்சியம் கார்பனேட் படிகிறது. குழாயில் படிந்ததை எடுக்கலாம். வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ துணியை நனைத்துச் சுற்றிவைத்தால் இளகி வந்துவிடும். அந்த அமிலமே பளிங்குத் தரையில் சொட்டினால் மெருகு போய்விடும். டைல்ஸ் இடுக்குகளில் இருக்கும் சிமென்ட் பூச்சையும் அது அரிக்கும். அதனால் அந்த இடுக்குகளுக்கு அமிலம் கூடாது. சமையல் சோடாவும் தூரிகையும் பொறுமையும்தான் வழி. ஆண்டுக்கணக்கில் நீர் பட்டு அரிக்கப்பட்ட கண்ணாடியின் மங்கலோ எதைப் போட்டாலும் போகாது. அங்கே இருப்பது கறை இல்லை, கண்ணாடியின் மேற்பரப்பே சேதமாகிவிட்டது. இதைச் சொன்னால், ‘நன்றாகத் தேய்க்கவில்லை’ என்று பதில் வருகிறது!

தொட்டியின் ஓரத்தில் நீர் இறங்காமல் இடுக்கை அடைக்கும் சிலிகோன் பூச்சில் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. பூஞ்சை மேலே மட்டும் இருந்தால் துடைத்தால் போய்விடும். உள்ளே ஊடுருவிவிட்டால், பழைய பூச்சை அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதைத் தவிர வழியில்லை. வீட்டைப் பராமரிக்கிறவர் அவ்வப்போது செய்து தர வேண்டிய வேலை அது. அதையும் என் சுத்தக் குறைவின் பட்டியலில் எழுதினார்.

இந்தப் பட்டியலுக்குப் பயந்துதான் மனிதர்கள் கடைசி இரவில் ஆபத்தான காரியங்களைச் செய்கிறார்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபத்தைவிடப் பதற்றமே அதிகமாக இருக்கிறது. கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தில் போகாத கறையும் போய்விடும் என்று அதன்மேலேயே பிளீச்சையும் ஊற்றுகிறார்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும். 1915இல் போர்க்களத்தில் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்ட அதே வாயு! காற்றைவிடக் கனமானது, ஜன்னல் மூடிய சிறிய குளியலறையில், குனிந்து தேய்க்கிறவரின் முகத்தருகே தேங்கி நிற்கும். வினிகரோடு பிளீச்சைக் கலந்தாலும் இதே ஆபத்துதான். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானோடு கலந்தால் குளோரமின் வரும். அதுவும் நுரையீரலைத் தாக்கும். தயவுசெய்து எதையும் எதனோடும் கலக்காதீர்கள். எந்த முன்பணமும் ஒரு மூச்சுக்கு ஈடாகாது.

என் வயிற்றெரிச்சலுக்கெல்லாம் மூலகாரணம் படுக்கையறையின் வெளிச்சுவர். நான் இருந்த காலம் முழுவதும் அந்தச் சுவர் ஓதம் பிடித்துக் கிடந்தது. செங்கல்லுக்குள் ஏறும் ஈரம் அங்குள்ள உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவரும். நீர் ஆவியான பிறகு உப்பு மட்டும் வெள்ளைப் பொடியாகப் பூத்து நிற்கும். பெயின்ட் கொப்பளித்து உதிரும். இதற்கும் நான் ஜன்னலைத் திறந்தேனா, மூடினேனா என்பதற்கும் என்ன சம்பந்தம்? மழைநீர் புகும் விரிசலையோ கசியும் குழாயையோ அடைத்தால் ஒழிய அது நிற்காது. இதைப் பலமுறை எழுதித் தெரிவித்தேன். ஒவ்வொரு முறையும் ‘பார்க்கிறேன்’ என்றார். கடைசிக் கணக்கில் அதே சுவரை ‘குடியிருந்தவரின் கவனக்குறைவால் பூஞ்சை’ என்று எழுதிப் பணத்தைப் பிடித்துக்கொண்டார். நோயாளி நானாக இருக்க, நோயைப் பரப்பினாய் என்று என்னையே தண்டித்ததைப் போன்றது இது. அந்த ஈரக்காற்றைச் சுவாசித்துக்கொண்டு தூங்கியவள் நான்!

பெயின்ட் கதையும் இதே கதைதான். வெயில் படும் சுவர் மங்கும். படம் மாட்டியிருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் சதுரமாகத் தெரியும். யாருமே குடியிருக்காமல் பூட்டிவைத்தாலும் வெயில் தன் வேலையைச் செய்யும். கைத்தடம் பட்ட இடத்தைத் துடைக்கலாம்தான். ஆனால் எல்லாக் கறையையும் அழிக்கும் என்று விற்கிறார்களே, அந்த வெள்ளை நுரைப் பஞ்சு, அது மிக நுண்மையான உப்புத்தாள் மாதிரி சுரண்டும் பொருள். பளபளப்பில்லாத பெயின்டில் அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் மினுங்கும். தேய்த்தாலும் குற்றம், தேய்க்காவிட்டாலும் குற்றம்.

இத்தனையும் எப்போது செய்வது? சாமான்கள் இருக்கும்வரை மூலைகளை எட்ட முடியாது. சாமான்கள் போன அன்றே சாவியையும் கொடுக்க வேண்டும். புது வீட்டில் பெட்டிகள் பிரிக்கப்படாமல் கிடக்க, பழைய வீட்டின் ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரின் மடிப்புகளைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துக்கொண்டிருந்தேன். சலவை இயந்திரத்தின் வாய் ரப்பருக்குள் தேங்கிய சேற்றை வழித்தெடுத்தேன். வீடு ஒழித்து ஓய்ந்த உடம்பிடம் அந்த ஒரே நாளில் எவ்வளவுதான் கேட்பது?

எனக்குப் பிறகு அங்கே குடிவந்தவர்களிடம் பேசினேன். சுவரைச் சரிசெய்யவென்று என்னிடம் பிடித்த பணத்தில் விரிசலை அடைக்கவில்லையாம், கசிவைத் தேடவில்லையாம். மேலே ஒரு பூச்சு பெயின்ட் அடித்துவிட்டுக் கொடுத்திருக்கிறார். அதுவும் அடியில் இப்போதே கொப்பளிக்கத் தொடங்கிவிட்டதாம். நாளைக்கு அவர்கள் காலி செய்யும்போது, இதே சுவருக்காக அவர்களிடமும் பணம் பிடிப்பார். ஒரே சுவரை எத்தனை பேரிடம் விற்பது?

அவர்களிடம் சொல்லிவிட்டேன். இன்றைக்கே, சாமான்களை அடுக்குவதற்கு முன்பே, ஒவ்வொரு மூலையையும் படம் எடுங்கள். தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரி, குளியலறைக் கூரையின் மூலைகள், சிலிகோன் ஓரங்கள், ஜன்னல் பள்ளம், புகைபோக்கியின் உட்புறம் எதையும் விடாதீர்கள். அந்தப் படுக்கையறைச் சுவரைப் பகல் வெளிச்சத்தில் கிட்டத்திலிருந்தும் தூரத்திலிருந்தும் எடுங்கள். தேதியோடு உரிமையாளருக்கு எழுத்தில் அனுப்பி, பெற்றுக்கொண்டேன் என்ற பதிலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதிய கடிதங்களின் நகல்களும் தருகிறேன். அந்தச் சுவர் உங்களுக்கு முன்பே ஈரமாக இருந்தது என்பதற்கு அவை சாட்சி.