சுவாமிகளை நடிகராகவும் நினைவில் வையுங்கள்

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்று. ஆனால் அவர் நடித்த காலத்தை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே! எமன், இரணியன், இராவணன், சனீஸ்வரன் என்று மேடையை அதிரவைத்த நடிகர் அவர். அவருடைய கோர வேடத்தைப் பார்த்து மிரண்ட ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துபோனது, அந்த வேதனையில்தான் அவர் அரிதாரத்தைத் துறந்தார் என்று நாடகக் கலைஞர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். அந்த மேடையில் தொண்டை கிழியப் பாடி நடித்தவர் எழுதியதால்தான் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் பாத்திரங்கள் வாதிட்டுப் பாடும் தர்க்கப் பாட்டுகள் நடிகனின் வாயில் இன்றும் இடறாமல் வருகின்றன. வெறும் ஏட்டுப் புலமைக்கு இது கைவராது. 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய பாலர் சபை என்ற சிறுவர் நாடகக் குழுவில், பின்னாளில் புகழ்பெற்ற நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான சண்முகம் நடிப்பதற்காகவே ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தாராம்!

பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகும் அவர் குழுவை விட்டுப் பிரியவில்லை. 1922 நவம்பர் 13 அன்று எங்கள் புதுச்சேரியில்தான் உயிர் நீத்தார். இங்குள்ள கருவடிக்குப்பத்தில் அடக்கமாகியிருக்கிறார். ஆண்டுதோறும் அந்த நாளில் நாடகக் கலைஞர்கள் வந்து பாடி அஞ்சலி செலுத்துகிறார்கள். உங்கள் கட்டுரையில் புதுச்சேரி என்ற பெயரே இல்லை. தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்.